மயங்கி விழுந்த மாணவியும் 8.35 பஸ்ஸும்: ஒரு கல்லூரி உடற்தகுதி வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில், செம்மண் தரையில் நிற்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். மாணவர்கள் வாயில் ‘பி.டி. சார்’. பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற கல்லூரி. இளநிலை, முதுநிலை இரண்டும் உண்டு. படிப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். விடுதியில் தங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்ற எல்லோரும் கண்டனூர், புதுவயல், கல்லல் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து போகிறவர்கள். இந்த பஸ் விஷயம் பின்னால் வரும்.

எங்களிடம் அணிகளுக்குக் குறைவில்லை. கபடி, கோகோ, வாலிபால், தடகளம் எல்லாம் சேர்த்து எழுபது பேர் தேறுவார்கள். மிச்சப் பேருக்கு மைதானம் என்பது விளையாட்டு விழா அன்று உட்கார்ந்து கைதட்டும் இடம். அந்த மிச்சப் பேருக்காக 2023 ஜூலையில் ஒரு உடற்தகுதி வகுப்பு தொடங்கினோம். பட்டப்படிப்பில் பாடங்களுக்கு வெளியே சேவை, விளையாட்டு போன்றவற்றுக்குத் தரும் ‘பகுதி 5’ விரிவாக்கச் செயல்பாட்டு மதிப்பெண்ணை இந்த வகுப்புக்கும் தரலாம் என்று முதல்வர் சொன்னதும் ஒரே வாரத்தில் 64 பேர் பெயர் கொடுத்தார்கள். பெண்கள் 45, ஆண்கள் 19. அதே மதிப்பெண்ணுக்கு நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் உழைக்க வேண்டும். இது அதைவிடச் சுலபம் என்று சிலர் கணக்குப் போட்டதும் எனக்குத் தெரியும். அதில் தப்பொன்றும் இல்லை.

வயது வந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று போட்டேன். 300 நிமிடம். காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் வந்தது.

முதல் எட்டு வாரம்

வகுப்பு மாலை 4.15 முதல் 5.15 வரை. பத்து நிமிடம் உடலைச் சூடாக்குவது, மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவது, அப்புறம் குதித்து எழும் பயிற்சி, பஸ்கி, தண்டால், பிளாங்க். தடகள அணிக்கு நான் வைத்திருந்த அட்டவணையைப் பாதியாக வெட்டி இவர்களுக்குக் கொடுத்தேன். பாதி என்பது பழக்கமில்லாத உடம்புக்கு இரண்டு மடங்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மாடிப்படியில் பெண்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்தேன். பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை தசை வலி உச்சத்தில் இருக்கும். அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். “ரெண்டு நாள்ல சரியாயிரும்” என்றேன். இரண்டு நாளில் சரியாயிற்றுதான், ஆனால் அதற்குள் பத்துப் பேர் நின்றுவிட்டார்கள்.

இரண்டாம் வாரம் ஷூவும் டிராக் பேண்டும் கட்டாயம் என்று அறிவித்தேன். சுடிதாரும் ரப்பர் செருப்புமாக வந்தவர்கள் கால் இடறி விழுந்துவிடக் கூடாதே என்ற கவலைதான். அன்றைக்கு நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் 41 பேர். எட்டாம் வாரம் 17 பேர், அதில் 12 பேர் பையன்கள். வருகைப் பேரேட்டில் ‘நின்றதற்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் வரிசையாக ‘ஆர்வமின்மை’ என்று எழுதி வைத்தேன். மேலே ஒரு தடவை எழுதிவிட்டு கீழே முழுக்க ‘மேற்படி’ குறி. பேரேடு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை

செப்டம்பர் 23. பகுதி 5 மதிப்பெண் போடுவதற்காக உடற்தகுதித் தேர்வு வைத்தேன். வகுப்புக்கு வந்தவரும் வராதவரும் எல்லோரும் வர வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது. காலை 8 மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். 52 பேர் வந்தார்கள்.

தேர்வில் முக்கியமானது மூன்று நிமிடப் படி ஏற்றம். 41.3 சென்டிமீட்டர் உயரப் படியில் தாளத்துக்கு ஏறி இறங்க வேண்டும். பெண்களுக்கு நிமிடத்துக்கு 22 முறை, ஆண்களுக்கு 24. முடிந்ததும் நின்றபடியே இருக்க, ஐந்தாவது விநாடியிலிருந்து இருபதாவது விநாடி வரை நாடித்துடிப்பை எண்ணுவோம். எண் குறைவாக இருந்தால் உடற்தகுதி அதிகம் என்று பொருள். அந்த உயரத்துக்குப் பெட்டி செய்ய நேரமில்லாததால் திறந்தவெளி மேடையின் கருங்கல் படியையே பயன்படுத்தினேன்.

படிவம் நிரப்புவது, உயரம் எடை பார்ப்பது என்று 9 மணிக்கு மேலாகிவிட்டது. வரிசை வெயிலில் நின்றது. எங்கள் பக்கத்தில் புரட்டாசியில்கூட ஒன்பதரைக்கே செம்மண் தரை கொதிக்கத் தொடங்கிவிடும். அந்த மாணவி இரண்டாமாண்டு. அவள் முறை வந்தபோது மணி 10.10. மூன்று நிமிடத்தையும் முடித்தாள். முகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்த முதுநிலை மாணவி, “சார், எண்ண முடியல, வேகமா போகுது, சின்னதா இருக்கு” என்றாள். நான் திரும்புவதற்குள் படி ஏறிய மாணவி உதடு வெளுத்து, கால் மடங்கிச் சரிந்தாள். பின்னால் நின்ற தோழி தோளைப் பிடித்துக்கொண்டதால் தலை படியில் மோதவில்லை. மோதியிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, காலை நாற்காலி மேல் தூக்கி வைத்தோம். நான்கு பெண்கள் துப்பட்டாவைப் பிரித்து அவள் மேல் பந்தல் போலப் பிடித்தார்கள். யாரோ வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார்கள்; நினைவு திரும்பாமல் ஊற்றக் கூடாது என்று தடுத்தேன். ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்தாள். 108க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “காலையில என்ன சாப்பிட்டம்மா?” வரக்காப்பி மட்டும். வீட்டை விட்டுக் கிளம்பியது 5.45க்கு. இசிஜி, சர்க்கரை இரண்டும் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின் 8.3 கிராம். பெண்களுக்கு அது 12க்குக் கீழே போனால் இரத்தசோகை.

பதினொன்றரைக்கு அவளுடைய அம்மா வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: “பாதியில விழுந்துருச்சுன்னு மார்க்கக் கொறச்சிருவீங்களா சார்?”

தேடிப் பார்த்ததில் தெரிந்தவை

மயக்கத்துக்கு நேரடிக் காரணத்தை மருத்துவர் அன்றே விளக்கினார். ஏறி இறங்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சட்டென்று நிறுத்தி அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நின்றுபோய் இரத்தம் காலில் தங்கும். மூளைக்குப் போவது குறையும். வெறும் வயிறு, இரண்டு மணி நேர வெயில், இரத்தசோகை எல்லாம் சேர்ந்துகொண்டன. நின்றபடி நாடி எண்ணுவது அந்தத் தேர்வின் விதி. யார் நிற்கத் தகுதியானவர் என்று முதலில் பார்த்திருக்க வேண்டியது நான்.

பார்ப்பதற்குப் படிவம் இல்லாமல் இல்லை. உடற்பயிற்சிக்கு முன் கேட்கும் வழக்கமான ஏழு கேள்விப் படிவத்தை ஜூலையிலேயே கொடுத்து வாங்கியிருந்தேன். நெஞ்சு வலி உண்டா, தலைசுற்றி விழுந்ததுண்டா என்றெல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலப் படிவம். திங்கட்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்தேன். 64இல் 61 படிவத்தில் ஏழுக்கும் ‘இல்லை’. ஒரு பெஞ்சில் உட்கார்ந்த ஆறு பேர் படிவத்திலும் ஒரே பச்சை மை, ஒரே சாய்வில் டிக். ஒருத்தி எல்லோருக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாள்.

அதே கேள்வியைத் தமிழில் வாயால் கேட்டால் என்ன வரும்? நானே கேட்டால் வராது என்பது தெரிந்ததால் தமிழ்த்துறையில் உள்ள பேராசிரியை ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் பேரேடு, படிவம் எதுவும் இல்லாமல் மதிய வேளையில் மூன்று குழுவாகப் பெண்களை உட்கார வைத்துப் பேசினார். ‘உட்கார்ந்து எழுந்தா கண்ணு இருட்டுதா?’ என்று கேட்டதற்கு 41 பேரில் 14 பேர் கை தூக்கினார்கள். மாதவிலக்கு நாட்களில் குதிக்கச் சொன்னபோது யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டவர்கள் ஏழு பேர். ஷூ வாங்கச் சொல்லி வீட்டில் கேட்க முடியாதவர்கள் ஐந்து பேர். பேராசிரியை அந்தக் காகிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஆனால் பெரும்பாலோர் நின்றதற்குக் காரணம் இது எதுவும் இல்லை. ஒரு இறுதியாண்டு மாணவி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “மேம், 4.25க்கு எங்க ஊருக்கு பிங்க் பஸ். அத விட்டா அடுத்தது 5.50. நடுவுல வர்றதெல்லாம் காசு பஸ். 5.50ல போனா வீடு சேர ஏழாயிரும், நிறுத்தத்துலேர்ந்து இருட்டுக்குள்ள நடக்கணும்.” 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் மாணவிகள் பலர் கல்லூரிக்கு வருவதே அந்த மகளிர் விடியல் பயணத்தை நம்பித்தான். நான் வகுப்பை 4.15க்கு வைத்திருந்தேன், பஸ் 4.25க்கு. எட்டு வாரம் இதை நான் கவனிக்கவில்லை. மைதானத்திலிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் தெரியும்.

இன்னொன்று. நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று பேராசிரியை கேட்டிருந்தார். ஒரு கிலோமீட்டர், ஒன்றரை, சிலருக்கு இரண்டு. ஒன்றரைக் கிலோமீட்டர் என்றால் போக வர மூன்று. விறுவிறுவென்று நடந்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல். வாரம் ஐந்து நாளுக்கு அதுவே 150 நிமிடத்தைத் தாண்டிவிடும். பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் நடக்கும் வேகத்தை மெதுவான நடை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு தடவை நடந்தால் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2020 வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனம் அதையும் எடுத்துவிட்டது. ஆக, சோம்பேறி என்று நான் குறித்து வைத்த பெண்களில் பலர் ஓட்டத்தின் பங்கை என் மைதானத்துக்கு வருவதற்கு முன்பே முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது இரண்டு. தசைக்கு வலுவூட்டும் பயிற்சி ஒன்று, உடம்பில் இரும்புச்சத்து மற்றொன்று. நான் கொடுத்ததோ இன்னும் ஓட்டம்.

விடுதிப் பெண்களின் நிலைமை நேர்மாறு. அறை, வகுப்பு, மெஸ், அறை. அவர்களுக்குத்தான் நடை தேவை. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் முதல் வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து இரத்தம் எடுத்தார்கள். 41 பெண்களில் 23 பேருக்கு 12 கிராமுக்குக் கீழே. அதில் ஆறு பேருக்கு 10க்கும் கீழே. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று வந்திருக்கிறது. எங்கள் எண்ணிக்கை அதைவிடக் கொஞ்சம்தான் கூட. பையன்கள் “எங்களுக்கு எதுக்கு சார்” என்று நழுவினார்கள். சோதித்துக்கொண்ட 16 பேரில் இரண்டு பேருக்கு, ஆண்களுக்கான வரம்பான 13க்குக் கீழே.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

மூன்று வாரம் வகுப்பை நிறுத்தி வைத்தோம். முதல்வர் அறையில் நடந்த கூட்டத்தில் “வேண்டாம் சார், எதுக்கு வம்பு, யோகா மட்டும் உட்கார்ந்து செய்யட்டும்” என்றார் ஒரு துறைத்தலைவர். கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நின்றாலே கண் இருட்டும் பெண்ணை உட்கார வைத்துவிட்டால் பிரச்சினை கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிரத் தீராது. பையன்களுக்கு மட்டும் நடத்தலாம் என்றார் இன்னொருவர். அதற்கு முதல்வரே ஒப்பவில்லை.

நேரம் எங்கே கிடைக்கும் என்று தேடியபோது அது மரத்தடியிலேயே கிடந்தது. காலைக் கட்டணமில்லா பஸ் 8.35க்கு வருகிறது. முதல் வகுப்பு 9.30க்கு. முக்கால் மணி நேரத்துக்கு மேல் புங்க மரத்தடியில் போனும் கையுமாக முப்பது நாற்பது பெண்கள் தினம் உட்கார்ந்திருப்பார்கள். பல வருடமாக அதைத் தாண்டித்தான் நான் வண்டியை நிறுத்தப் போகிறேன். சரி, 8.40க்கு வகுப்பு என்று முடிவானது. கூடவே செவ்வாய்தோறும் நூலக நேரமான 3.10 முதல் 4.00 வரை, 4.25 பஸ்ஸுக்கு இடைஞ்சல் இல்லை.

காலை என்றதும் வெறும் வயிறு என்ற சிக்கல் மறுபடி வந்தது. டிபன் பாக்ஸ் கொண்டு வருகிறவர்கள் 9 மணிக்கு அதைத் திறப்பார்கள். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு உடனே குனிந்து நிமிர முடியாது. அதனால் முதல் பத்து நிமிடம் ஒரு கை அளவு அவித்த கடலையோ தட்டைப்பயறு சுண்டலோ, ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு மெதுவாகத் தொடங்கி 25 நிமிடம் பயிற்சி. 9.20க்குள் டிபன். சுண்டல் செலவை முதல் மாதம் ஆசிரியர்கள் நாலைந்து பேர் பகிர்ந்துகொண்டோம். நவம்பரிலிருந்து விடுதி மெஸ்ஸே அவித்துக் கொடுத்தது. வகுப்பில் வேறு எதை மாற்றினாலும் சரி, சுண்டலை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று மாணவிகள் எழுதிக் கொடுத்தார்கள். வருகை கூடியதில் என் பங்கு எவ்வளவு, சுண்டலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஓட்டத்தை அடியோடு எடுத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், அப்புறம் முழங்கால் ஊன்றி, மெஸ்ஸில் காலியான ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பித் தூக்குவது. முதல் வாரம் கேனில் பாதித் தண்ணீர். பத்துத் தடவை தூக்கிய பிறகும் இன்னும் இரண்டு முடியும் என்றால்தான் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுவோம். வெறுங்காலோடு செய்யலாம், சுடிதார் போதும், துப்பட்டாவை மட்டும் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஷூ கட்டாயம் என்ற அறிவிப்பை நானே கிழித்தேன். விடுதிக்காரர்களுக்கு ஊருணிக் கரையைச் சுற்றி நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். வகுப்பை நடத்துவது நான் இல்லை. நான்கு முதுநிலை மாணவிகளைப் பழக்கி விட்டேன். ‘இன்னைக்கு முடியல’ என்று அவர்களிடம் சொன்னால் போதும், காரணம் கேட்கக் கூடாது என்பது விதி.

10 கிராமுக்குக் கீழே இருந்த ஆறு பேருக்கும் மருத்துவர் சொல்லும்வரை கேன் கிடையாது, மெதுநடை மட்டும். மாத்திரை விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று இரண்டாம் வாரமே பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். கறுப்பாகப் போவது இயல்புதான் என்பதைப் பேராசிரியை விளக்கிச் சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கவும், அதை ஒட்டி டீயோ காப்பியோ குடிக்காமல் இருக்கவும் சுகாதார நிலையத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். டீ, காப்பி இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். எலுமிச்சை, நெல்லி போன்றவை கூட்டும்.

மழைக்காலமும் வளவும்

அக்டோபர் 16ஆம் தேதி மறுபடி தொடங்கினோம். 49 பேர் வந்தார்கள். தீபாவளிக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது, மைதானம் சேறு. கல்லூரிக்குப் பின்தெருவில் ஒரு பழைய நகரத்தார் வீடு பூட்டிக் கிடக்கும். உரிமையாளர்கள் சென்னையில், சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம். உரிமையாளரிடம் போனில் அனுமதி வாங்கிக்கொண்டு சாவிக்குப் போனேன். ஆச்சி சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “பொண்டுபுள்ளைகதானே, வரட்டும் தம்பி. செருப்போட வளவுக்குள்ள ஏறக் கூடாது. தூண்ல சாஞ்சு எண்ணெய்த் தலையத் தேய்க்கக் கூடாது” என்றார். இரண்டும் நியாயமான நிபந்தனைகள்.

வளவு என்பது நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தூண் நிறுத்திய தாழ்வாரம். மழை முற்றத்தில் கொட்டும், நாங்கள் சுற்றிலும் நனையாமல் பயிற்சி செய்வோம். கைத்தட்டினால் எதிரொலிக்கும். இருபது வருடப் பணியில் இவ்வளவு நல்ல உடற்பயிற்சிக் கூடம் எனக்கு வாய்த்ததில்லை.

நான்காம் நாள் ஒரு மாணவி வழுக்கி விழுந்து மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டாள். தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்ப்பது அது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கிவிடும். குளிருக்காக அவள் காலுறை போட்டிருந்தாள், முற்றத்துச் சாரல் வேறு. செருப்பு வேண்டாம் என்று ஆச்சி சொன்னதைப் பிடித்துக்கொண்ட நான் காலுறையைப் பற்றி யோசிக்கவில்லை. அன்றிலிருந்து வெறுங்கால் மட்டும், முற்றத்தை ஒட்டிய முதல் வரிசைக் கல்லில் யாரும் நிற்கக் கூடாது, குதிக்கும் பயிற்சி எதுவும் கிடையாது. பிறகு ஒருவரும் விழவில்லை.

அந்த வீட்டில் இருந்தபோதுதான் இன்னொரு தவறும் தெரிந்தது. முகப்புப் படியில் ஏறி இறங்கும்போது ஒரு படி உயரமாகவும் அடுத்தது தாழ்வாகவும் காலுக்குத் தட்டியது. திரும்பி வந்து எங்கள் மேடைப் படியை அளந்தேன். இடது பக்கம் 41 சென்டிமீட்டர், வலது பக்கம் 46. செப்டம்பரில் இரண்டு பக்கத்திலும் ஆட்களை ஏற்றியிருந்தேன். அன்றைய எண்கள் எதையும் எதனோடும் ஒப்பிட முடியாது என்று ஆயிற்று, எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். படி சரியாக இருந்திருந்தாலும் இரத்தசோகை உள்ளவருக்கு இதயம் வேகமாக அடிக்கத்தான் செய்யும். அதைப் பயிற்சிக் குறைவு என்று படித்திருப்பேன்.

தை மாதம்

தைப்பூசம் ஜனவரி 25. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக்குப் பின்னால் இந்தப் பக்கத்துப் பையன்கள் பலரும் நடப்பார்கள். எங்கள் வகுப்பிலிருந்து ஏழு பேர் போனார்கள். இதில் நான்கு பேர் ஒழுங்காக வந்தவர்கள், மூன்று பேர் வராதவர்கள். என் வகுப்பின் பலன் தெரியும் என்று எதிர்பார்த்தேன். ஏழு பேரும் ஒரே மாதிரி பாதம் கொப்பளித்துத்தான் திரும்பினார்கள். கொப்பளம் பாதத்தின் விஷயம், தசையின் விஷயம் இல்லை.

பையன்கள் பொதுவாகவே குறைந்துகொண்டு வந்தார்கள். டம்பெல் இல்லாத இடத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. கேனைத் தூக்கச் சொன்னால் சிரிப்பார்கள். கர்லாக்கட்டை இரண்டு வாங்கிப் போட்டதும் நாலைந்து பேர் திரும்பினார்கள். படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு மறுபடி போய்விட்டார்கள். இதை நான் சரி செய்யவில்லை.

என்ன ஆனது

பிப்ரவரியில் ஒரு நாளைக்குச் சராசரியாக 38 பேர் வந்தார்கள், அதில் 33 பேர் பெண்கள். அக்டோபரிலும் மார்ச்சிலும் அளவு எடுத்துக்கொண்டவர்கள் 33 பேர், ஆண்களும் சேர்த்து. முழங்கால் ஊன்றிய தண்டால் அக்டோபரில் பெரும்பாலோருக்கு நான்கைத் தாண்டவில்லை; மார்ச்சில் 27 பேர் எட்டுக்கு மேல் போனார்கள். நான்கு பேருக்கு மாற்றமில்லை, இரண்டு பேருக்குக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வகுப்புக்கு வராத இன்னொரு கூட்டம் எங்களிடம் இல்லை. நின்றுபோனவர்களை அளக்கவும் இல்லை. நன்றாக வந்தவர்களின் எண் நன்றாக வந்தது என்பதற்கு மேல் இதில் எதையும் நான் சொல்ல மாட்டேன்.

இரத்தசோகை இருந்த 23 பேரில் 17 பேர் மார்ச்சில் மறுபடி சோதித்துக்கொண்டார்கள். 11 பேருக்கு ஒரு கிராமுக்கு மேல் கூடியிருந்தது. இதற்குக் காரணம் மாத்திரை, பயிற்சி இல்லை. சோதனைக்கு வர வகுப்பு ஒரு சாக்காக இருந்தது, அவ்வளவுதான்.

மயங்கி விழுந்த மாணவிக்கு 8.3 இருந்தது 10.7 ஆனது. டிசம்பர் கடைசியில்தான் மருத்துவர் அனுமதி கொடுத்தார். கேனில் முதலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினாள், மார்ச்சில் நான்கு. மேடைப் படிப் பக்கம் மட்டும் அவள் வருவதில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. பகுதி 5 மதிப்பெண் முழுதாகப் போட்டாயிற்று என்று அவளுடைய அம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன்.

மறுபடி செய்தால்

முதல் நாள் யாரையும் ஓட விடமாட்டேன். எப்போது எழுந்தாய், எதில் வந்தாய், எவ்வளவு தூரம் நடந்தாய், என்ன சாப்பிட்டாய் என்று நான்கு கேள்வி, தமிழில், பெண்களைப் பெண்களே கேட்பது. அந்தப் பதிலை வைத்துத்தான் அட்டவணை. இரத்தச் சோதனையை செப்டம்பருக்குப் பிறகு வைக்காமல் ஜூலையிலேயே வைப்பேன். மதிப்பெண்ணுக்காகத் தேர்வு வைப்பது கூடாது, வருகை போதும். படி ஏற்றம் வைத்தே ஆக வேண்டும் என்றால் நிழலில், காலை உணவுக்குப் பிறகு, அளந்து செய்த பெட்டியில், முடிந்ததும் இரண்டு நிமிடம் நடக்கவிட்டு. அப்படி நடக்கவிட்டால் தேர்வின் தர அட்டவணையில் உள்ள எண்ணோடு ஒப்பிட முடியாதே என்று உடற்கல்வி நண்பர் ஒருவர் கேட்டார். முடியாதுதான்.

‘நின்றதற்குக் காரணம்’ கட்டத்தை இப்போது நான் நிரப்புவதில்லை, நின்றவரிடமே கொடுத்துவிடுகிறோம். கடைசியாக வந்த பதில்களில் ஒன்று: ‘தங்கச்சியை ஸ்கூலில் விட வேண்டும்’.

2024 ஜூனில் கல்லூரி திறந்தபோது காலை பஸ்ஸின் நேரம் மாறியிருந்தது. 8.35 வண்டி இப்போது 9.05க்கு வருகிறது. சுண்டலுக்கும் டிபனுக்கும் நடுவில் மிஞ்சுவது ஐந்து நிமிடம். பழைய நேரம் கேட்டு மாணவிகள் கையெழுத்துப் போட்ட மனுவைப் பணிமனையில் கொடுத்திருக்கிறோம். அதுவரை பஸ்ஸில் வருகிறவர்களுக்குச் செவ்வாயோடு வியாழன் நூலக நேரத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறேன். நூலகர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.